ஏழாவது மோதிரத்துக்குப் பெயர் இல்லை

வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 7

அன்புத் தங்கை ஜில்லியனுக்கு,

அக்கா பெவர்லி எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ ஷெட்லாந்துத் தீவுக் குளிரில் மீன் பொட்டலம் கட்டிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். கிழித்துப் போடலாம். ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். நான் தரை துடைக்கிற சாண்ட்பைப்பர் முதியோர் குடியிருப்பில் பல்பு மாற்ற வந்து, பாட்டிமார்களின் மோதிரங்களையும் மாற்றிக்கொண்டு போன ரட்கின் வழக்குதான். கூண்டில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். மிச்சமிருக்கிற நாலு முடியையும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

அரசுத் தரப்பு வக்கீல் சளி பிடித்த மனிதர். அவர் எழுதிய குற்றப்பத்திரிகையும் அவரைப் போலத்தான் இருந்தது. சென்ற வருடம் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் நடுவில் குடியிருப்புவாசிகளின் ஆறு மோதிரங்களைத் திருடினான் என்று எல்லாவற்றையும் ஒரே குற்றச்சாட்டாகக் கட்டி வைத்திருந்தார். நான் அழுக்குத் துணி மூட்டை கட்டுவதுகூட இன்னும் ஒழுங்காக இருக்கும். குமாஸ்தா படித்ததும் ரட்கின், "நான் பண்ணலீங்க" என்றான். ஒரே ஒரு தடவை, ரொம்ப சுலபமாக.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவனுடைய வக்கீல் ஹார்கிரீவ் இருக்கிறாரே, அவருக்குத் தன் குரலைக் கேட்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. வக்கீல்கள் தலையில் மாட்டும் அந்த வெள்ளை விக்கைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அம்மா, ஒரு குற்றச்சாட்டுன்னா அதுக்குள்ள ஒரு குற்றம்தான் இருக்கணும். இதுல ஆறு பேரு, ஆறு மோதிரம், ஆறு வேற வேற நாளு. எதுக்குன்னு என் கட்சிக்காரர் பதில் சொல்லுவாரு? இந்தப் பத்திரிகையே செல்லாது" என்று அரை மணி நேரம் முழங்கினார்.

நீதிபதி ஒரு அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி, மிஸ்டர் ஹார்கிரீவ்" என்றார். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரிசு வாங்கிய பூசணிக்காய் மாதிரி உப்பிப்போய்விட்டது. அந்த அம்மாள் உடனே சளிக்காரர் பக்கம் திரும்பினார். "அப்போ ஆறா பிரிச்சு, யாரோட மோதிரம், எப்பன்னு தனித்தனியா எழுதிக் கொண்டாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் மறுபடி வாசிக்கலாம்" என்றார்.

பூசணிக்காய் அப்படியே வெந்துபோயிற்று. மொத்தமாகத் தள்ளுபடி செய்யத்தானே கேட்டேன் என்று முனகினார். அதற்கு அந்த அம்மாள், "பத்திரிகையில குறை இருந்தா திருத்தலாம்னுதான் சட்டம் சொல்லுது. திருத்தினா உங்க ஆளுக்கு என்ன அநியாயம் வந்துடும்? அதைச் சொல்லுங்க, கேக்கறேன்" என்றார். ஹார்கிரீவ் தண்ணீர் குடித்தார். பெரிய படிப்பெல்லாம் படித்து, ஒன்றாக இருந்ததை ஆறாக்கித் தன் ஆள் தலையிலேயே கட்டிவிட்ட மகானை நான் அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் குமாஸ்தா ஒவ்வொன்றாக வாசித்தார். இந்தத் தேதியில், இன்னாருக்குச் சொந்தமான ஒரு மோதிரத்தைத் திருடியது. ஒவ்வொன்றுக்கும் ரட்கின் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். திருமதி ஆர்மராடுக்குக் காது மந்தம் என்று உனக்குத் தெரியுமே. தன் பெயர் காதில் விழுந்ததும், "இருக்கேன்! இங்கதான் இருக்கேன், சொல்லுங்க!" என்று கையைத் தூக்கிவிட்டாள். நீதிபதியே உதட்டைக் கடித்துக்கொண்டார். முதல் இரண்டுக்கும் அவன் கடைக்காரன் மாதிரி கணீரென்று "இல்லை" என்றான். நாலாவதில் குரல் கம்மிப்போயிற்று. ஆறாவதில் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். மொத்தமாக இல்லை என்று சொல்வதற்கு எந்தக் கழுதைக்கும் வாய் வரும். ஒவ்வொருத்தி பெயரையும் கேட்டுச் சொல்வது வேறு, ஜில்.

ஆர்மராட் பாட்டி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மோதிரங்கள் காணாமல் போனபோது, தரை துடைக்கிறவள்தான் எடுத்திருப்பாள் என்று ஆறு மாதம் தினமும் என் கைப்பையைத் திறந்து பார்த்த மகராசி அவள்தான். மன்னிப்பா கேட்பாள்? பெப்பர்மிண்ட் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். நான் நாலு எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஓடாதே.

அவன் குடியிருந்த கேரவன் வண்டியில், கஸ்டர்டு பவுடர் டப்பாவுக்குள் போலீஸ் எடுத்தது ஆறு மோதிரம் இல்லை, ஏழு. ஏழாவதை யாரும் உரிமை கேட்கவில்லை. கோர்ட்டில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஹார்கிரீவ் பல்லைக் காட்டிக்கொண்டு, "அது ஒரு பொண்ணு ஆசைப்பட்டு என் கட்சிக்காரருக்குக் குடுத்ததும்மா" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். ரட்கினும் சிரித்தான். அன்றைக்கு முழுவதும் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு வராந்தாவில் போலீஸ்காரப் பெண் போட்டோ காட்டினாள். சிவப்புக் கல். கல்லைப் பிடித்திருக்கிற நகங்களில் ஒன்று வளைந்திருக்கிறது. அம்மா கார் கதவில் மாட்டி வளைத்த நகம்.

அம்மா உனக்கென்று விட்டுப்போன மோதிரம் பாத்திரம் கழுவும்போது சாக்கடையில் போய்விட்டது என்று நீ சொன்னாய். நானும் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினேன். கிடைத்தது ஏழெட்டுப் பட்டாணி. நீ பின்னால் நின்றுகொண்டு, "விடுக்கா, போனா போகுது" என்று அழுதாய். அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். அந்த வாரம்தான் ரட்கின் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். மோதிரத்தின் அளவைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லித்தானே வாங்கிப் போனான்? தெரிந்தும் எதற்குக் குழாயைக் கழற்றினாய் என்று கேட்பாய். நீ பார்த்துக்கொண்டிருந்தாயே, நான் நம்பிவிட்டதாக நீ நினைக்கட்டும் என்றுதான்.

சளிக்காரரைப் பிடித்துக் கேட்டேன். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "அது உங்க அம்மா மோதிரம்னு நீங்க சொல்லலாம். இனாமா குடுக்கலை, திருப்பித் தருவான்னு நம்பிக் குடுத்ததுன்னு உங்க தங்கச்சிதான் சொல்லணும். அவங்க சொன்னா ஏழாவதா சேர்க்கக் கேக்கறேன்." புதிதாக ஏதாவது சேர்ப்பதானால் இருபத்தொன்றாம் தேதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். ஜூரி உட்கார்ந்த பிறகு கேட்டால், திடீரென்று சேர்ப்பது அவனுக்கு அநியாயம் என்று மறுத்துவிடலாமாம். அவனுக்கு அநியாயமாம்! அதையும் சட்டம் பார்க்கிறது. பார்க்கட்டும்.

ஊர் சிரிக்கும் என்று நீ பயப்படுகிறாய். சிரித்தாகிவிட்டது, ஜில். பெயர் தெரியாத ஒரு பெண்ணை வைத்து ஒரு கோர்ட்டே சிரித்தது. நான் அங்கே பெப்பர்மிண்டைச் சப்பிக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தேன். என் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து நீ பார்த்திருக்கிறாயா? இன்னொரு தடவை என்னால் முடியாது.

நீ கப்பல் ஏறி வர வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. அங்கே உள்ள போலீஸ் ஸ்டேஷனில் போய் நடந்ததைச் சொல்லி எழுதிக் கொடு. அவன் உன்னிடம் சொன்ன பொய்யை நீ நம்பியது குற்றமே இல்லை. நான்கூட அவன் ஒருவேளை நல்லவனோ என்று ஒரு கிறிஸ்துமஸ் முழுவதும் அவனுக்கு வாத்து வறுத்துப் போட்டேனே. அதற்கு ஒரு குற்றச்சாட்டு எழுதச் சொன்னால் சளிக்காரர் மாட்டேன் என்கிறார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். குமாஸ்தா எழுந்து, ஜில்லியன் ப்ரூக்ஸுக்குச் சொந்தமான மோதிரம் என்று உன் பெயரை உரக்க வாசிக்க வேண்டும். அவன் நின்றுகொண்டு அதைக் கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னால் சொல்லட்டும். சிரிக்காமல் சொல்லட்டும்.

கையுறை இரண்டு ஜோடி இத்துடன் அனுப்புகிறேன். மீன் பெட்டியில் கையை விடும்போது போட்டுக்கொள். ஆண்டவன் உன் விரல்களைக் குளிரில் விறைக்காமல் காப்பாற்றட்டும், அம்மா மோதிரம் மறுபடி ஏற வேண்டிய விரல்கள்.

இருபத்தொன்று, ஜில். மறந்துவிடாதே.

உன்னிடம் ஒருநாளும் கோபம் இல்லாத,
அக்கா பெவ்