மூத்தவன் யார்

சாய்ந்தமருது, ஞாயிறு இரவு.

ஒல்லாந்தர் பதவி பறித்து இங்கே இலங்கைக்கு நாடுகடத்திய ஜாவா இளவரசரின் வம்சம் நாங்கள். இன்று அந்தக் குடும்பத்தார் இருவர் ஜாவாவிலிருந்து எங்கள் டயர்க் கடைக்கு வந்தார்கள். மூத்த வாரிசை அழைத்துப்போய்த் தலைவராக்க வேண்டுமாம்.

உண்மையில் மூத்தவரான என் அண்ணன், காக்கா, என்னைக் காட்டி, "இவன்தான் மூத்தவன்" என்றார். அவர்கள் குனிந்து என் கிரீஸ் கையை முத்தமிட்டார்கள்.

அவர்கள் போனபின் ஏன் என்று கேட்டேன்.

"எனக்குக் கட்டிக் குடுக்க மூணு குமர் இருக்கு. நான் எப்பிடிப் போற? உனக்குப் பொண்டாட்டி புள்ள இல்லதானே."

"அதுக்காக என்னைத் தொலைச்சு விடப்போறீங்களா, காக்கா?"

நாளைக் காலை அவர்கள் முடிவு கேட்டு வருவார்கள்.

சாப்பிடும்போது, வாப்பா இறந்த பிறகு தன்னைத் தவிர யாரும் உட்காராத கதிரையைக் காக்கா எனக்கு இழுத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.