திராட்சை வாசம்

அக்காவுக்கு,

பேத்தி எழுதித் தருகிறேன் என்றாள். இதை நானேதான் எழுத வேண்டும்.

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: படுக்கையில் என் வீட்டுக்காரர், காலடியில் நான், பூ ஜாடியோடு நீ, வாசலை மறித்துக்கொண்டு நம் தம்பி, ஊசி போட வந்த நர்ஸ். பதினோரு வருஷமாகியும் யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்கு மறக்கவில்லை.

"யாரு திராட்சை கொண்டாந்தது? வாசம் தூக்குதே" என்றார் அவர். ஒருவரும் கொண்டுவரவில்லை. "ஆசையப் பாரு இவருக்கு" என்று நீ சிரித்தாய்.

மறுநாள் அவர் துப்பிய சளி பச்சையாக இருந்தது. அதில் அதே வாசம்.

"தண்ணியில இருக்கற கிருமிம்மா. நம்மள ஒண்ணும் பண்ணாது. புற்றுநோய் மருந்தால எதிர்ப்புச் சக்தி விழுந்தவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்" என்றார் டாக்டர். முதல் மருந்துக்கு நோய் கேட்கவில்லை. சளியைப் பரிசோதித்து வேறு இரண்டு மருந்துகளை நரம்பில் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

உன் ஜாடித் தண்ணீர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னேன். உன்னை வாசற்படி ஏறவிடவில்லை.

ஜாடியில் கிருமி இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள், அக்கா. ஆக்ஸிஜன் குமிழியிட்டு வருமே, அந்தக் குடுவையில்தான் இருந்தது. "காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும், நீங்க தொடாதீங்க" என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நீ வருவதற்கு மூன்று நாள் முன்பு, தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று கைகழுவும் குழாயில் பிடித்து நிரப்பினேன்.

இப்போது எந்தக் குழாயைத் திறந்தாலும் திராட்சை மணக்கிறது. நீ வா. உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் மன்னிக்கவே முடியாத ஆள் ஒருத்திதான்:

உன் தங்கை.