அவரவர் ரசனை

மார்ச் 9, ஞாயிறு

கிள்ளான் போய்விட்டு வந்தேன். இன்னும் அருவருப்பு அடங்கவில்லை.

கார்த்திகேசு அண்ணனின் கல்யாண அலங்காரக் கடை. குருவின் அம்மா, தனலெட்சுமி அத்தை, எங்களுக்கு மணவறை பார்த்து வைத்திருந்தார். மேடைக்குப் பின்னால் தெர்மோகோல் மயில், ஆளைவிடப் பெரியது. தோகை முழுக்கக் குட்டி விளக்குகள், பச்சை, ஊதா, சிவப்பு என்று மாறி மாறிச் சிமிட்டுகின்றன. தாலி கட்டும்போது அதன் வாயிலிருந்து புகை வருமாம். வாயிலிருந்து! மயிலா அது, கொசுமருந்து அடிக்க வந்த ஆளா?

நன்றாக இல்லை என்றேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அத்தை. கடையிலேயே இருவருக்கும் மல்லுக்கட்டு. அவர் ஓர் அங்குலம் இறங்கவில்லை, நானும்தான். குரு மயிலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

காரில் ஏறியதும், "கருமம்லா அது," என்றான். அப்பாடா. கட்டிக்கப்போகிறவனாவது என் பக்கம்.

மார்ச் 11, செவ்வாய்

சுபாங் ஜெயா கல்லூரியில் அழகியல் வகுப்பு. டிசைன் படிப்பவர்களுக்குக் கட்டாயப் பாடம், அதனால் வருகிறார்கள். ரசனைக்கு அளவுகோல் உண்டா என்பது இன்றைய தலைப்பு. பழைய ஒரு கோட்பாட்டை விளக்கினேன்: அழகு பொருளில் இல்லை, பார்ப்பவரின் உணர்வில்தான் இருக்கிறது, ஆனாலும் நிறையப் பார்த்து, ஒப்பிட்டுப் பழகி, தப்பெண்ணம் களைந்தவரின் தீர்ப்புக்கு மதிப்பு அதிகம். சொல்லும்போதே மனசுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன்.

கடைசி வரிசை ரிஷி கை தூக்கினான். அந்த நல்ல நடுவர் யார் என்று யார் முடிவு செய்வது, அவரேவா என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவனே, "அவரவர் ரசனை, விடுங்க மேடம்," என்று முடித்துவைத்தான்.

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 16, ஞாயிறு

அத்தை சீர்த்தட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறார். குளிக்கும் துண்டை மடித்து அன்னம் செய்திருக்கிறார்கள். அன்னத்துக்குச் சிவப்பு உதடு. அன்னத்துக்கு ஏது உதடு? சீ.

மார்ச் 20, வியாழன்

அடுத்த வார வகுப்புக்குப் படிக்க உட்கார்ந்து மனசு கெட்டுப்போனது. ரசனை என்பதே வர்க்கத்தின் முத்திரை என்கிறது இந்தக் கோட்பாடு. மேலே ஏறியவன், கீழே இருப்பவனிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டத்தான் முகம் சுளிக்கிறானாம்.

நான் சுளிப்பது மயிலைப் பார்த்தா? கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, காப்புக்கூடக் கவரிங்கில் போட்டுக் கல்யாணம் கட்டிய அத்தையைப் பார்த்தா? மணவறைக்கு நான் கேட்கும் வெறும் மல்லிகைச் சரமும் வாழைக்கன்றும் எங்கே கற்றுக்கொண்டவை? என் அம்மாவிடமா? இல்லையே, போனில் பார்த்த படங்களில்தானே?

இல்லை. மயில் அசிங்கம். பணக்காரன் வைத்தாலும் அசிங்கம். — எழுதிவிட்டேன். பாதிதான் நம்புகிறேன்.

ஏப்ரல் 2, புதன்

குரு கூப்பிட்டான். அம்மா இறங்கி வந்துவிட்டாராம். மயில் இல்லை, மல்லிகைதான். தான் பேசிச் சமாளித்துவிட்டதாகச் சொன்னான். அத்தைக்கு மனசு வலித்திருக்குமே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

கார்த்திகேசு அண்ணன் போன் பண்ணினார். ஹீல்ஸ் போட்டால் நான் எவ்வளவு உயரம் வருவேன், தோகை என் தலைக்கு மேலே விரிய வேண்டுமே என்று கேட்டார். எந்தத் தோகை?

"நீங்க ஓகே பண்ண மயில்தான் மிஸ். பாக்கப் பாக்க உங்களுக்குப் புடிச்சிப் போச்சுன்னு மாப்ள சொன்னாரே."

உடனே அத்தையைக் கூப்பிட்டேன். அவரிடமும் இதே கதைதான். என் மருமகளுக்கும் மயில் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், பாவம்.

"அப்ப உனக்குப் புடிக்கலையா?"

"புடிக்கல அத்தை."

"அவனுக்கு?"

காரில் அவன் சொன்னதைச் சொன்னேன்.

"என்கிட்ட சூப்பர்மான்னான்," என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைக்குக் குருவை வரச் சொன்னேன். நன்றாகச் சாப்பிட்டான். கல்யாணத்தன்று மேடையைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்துவிடப் போகிறேன், சிரித்துக்கொண்டே உட்காருவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். அதை வாய்விட்டும் சொன்னான், கூச்சமே இல்லாமல்.

"டேஸ்ட்தானே? அவங்கவங்களுக்கு ஒன்னு. நான் ரெண்டு பேரையும் ஹேப்பியா வெச்சேன்லா."

"உனக்கு என்ன புடிக்கும் குரு?"

"உனக்குப் புடிச்சதுதான்."

"அத்தை இங்க உக்காந்திருந்தா?"

சிரித்தான். மாட்டிக்கொண்ட சிரிப்பில்லை, கெட்டிக்காரச் சிரிப்பு. சத்தியமாச் சொல்றேன், அருவருப்புன்னா இதுதான். மயிலைப் பார்த்து வந்ததெல்லாம் அருவருப்பே இல்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வருஷா வருஷம் நானே பாடம் நடத்துகிறேன். 'எனக்குப் பிடிக்கும்' என்பது வேறு, 'இது அழகு' என்பது வேறு. அழகு என்று சொன்னால், நீயும் ஒத்துக்கொள் என்று எதிரில் இருப்பவரிடம் உரிமையோடு கேட்கிறோம் என்று. அத்தை என்னிடம் அப்படிக் கேட்டார். நான் அவரிடம் கேட்டேன். அதனால்தான் அடித்துக்கொண்டோம். இவன் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லையே!

அப்போ மூணு வருஷமா அழகு அழகுன்னு சொன்னானே — என் சேலையை, நான் எழுதினதை, என் முகத்தை? அதெல்லாம் யாருக்குச் சொன்னது?

ஏப்ரல் 9, புதன்

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மயிலுக்காகவா என்று அம்மா அழுகிறார். மயிலோடு நான் வாழ்ந்துவிடுவேன்மா.

மே 4, ஞாயிறு

நிச்சயச் சேலையையும் மோதிரத்தையும் வாங்கிப்போகத் தனலெட்சுமி அத்தை தனியாக வந்தார். மகனை அனுப்பினால் எனக்குச் சங்கடம் என்று தானே ரயிலேறி வந்தாராம். அவன் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. டீ கொடுத்தேன்.

போன வாரம் ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் கடுகு நிறம் அடித்தேன், அலைந்து திரிந்து நானே தேர்ந்தெடுத்த நிறம். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா கலரு இது? நீர்க்கடுப்பு வந்தவன் மூத்திரம் மாதிரி."

எனக்குச் சுருக்கென்றது. சோபாவோடு சேர்த்துப் பாருங்கள் என்றேன். சாயங்கால வெயில் பட்டால்தான் அதன் அழகு தெரியும் என்றேன். அப்படியா என்று கேட்டுவிட்டு, மோதிரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வெயில் வரும்வரை உட்கார்ந்திருந்தார். வந்தது. எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார்.

"இப்பவும் அசிங்கமாத்தான் இருக்கு," என்றார்.

இன்னொரு டீ போட்டேன்.