நைனாவின் காலுக்கேற்ற வண்டி

நைனா,

அடுப்பின் மேல் நெத்திலிக் குழம்பு இருக்கிறது. அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள். நான் நூலகம் போகிறேன்.

நாலு மணிக்கு ஜலாலுதீன் மாமா, விற்கப்போகும் தன் புல்லட்டைக் கொண்டுவருவார். அம்மாவுக்குப் பயந்து, கடையில் பார்த்த அந்தச் சின்ன ஸ்கூட்டரையே வாங்கிவிடாதீர்கள். நேற்று அதில் உட்கார்ந்தபோது உங்கள் முட்டி இரண்டும் கைப்பிடியில் இடித்தது. கொக்கு குந்தியிருப்பது போல இருந்தீர்கள். புல்லட்டில் ஏறி, இரண்டு குதிகாலும் தரையில் படிகிறதா என்று பாருங்கள். எளாவூரில் விழுந்து, நீங்கள் வண்டி ஓட்டுவதை விட்டுப் பத்து வருஷமாகிறது. அதனால் முதலில் தெருவுக்குள்ளேயே ஓட்டுங்கள்.

நான் படிக்கும் ரஷ்ய நாவலில் ஒருவன் பனியில் நாள் முழுக்கக் குதிரையில் போகிறான். எனக்கு அவன் உங்கள் முகத்தோடுதான் வருகிறான். பனி இருக்கும் இடத்தில் பழவேற்காட்டு உப்புக்காற்று வீசுகிறது.

புல்லட் பேச்சை எடுத்ததிலிருந்து அம்மா இரண்டு நாளாக உங்களோடு பேசவில்லையே என்று வருந்தாதீர்கள்.

சம்பூர்ணம்

காகிதம் தீர்ந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன். காலையில் பூ கட்டிக்கொண்டே அம்மா கேட்டாள்: "ஏண்டி, அந்தப் பெரிய வண்டில பொம்பளைங்க ஒருபக்கமா குந்திக்கினா கால் வெக்க எடம் இருக்குதா?" மாமாவிடம் முதலில் அதைக் கேளுங்கள்.