ஆடியில் இடம் மாற்றியது

ஆனி 25, புதன்

மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் வரவில்லை. நானே போய் மடை திருப்பிவிட்டு வந்தேன். முட்டி வலி. வந்து பார்த்தால் சந்தியா இன்னும் சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

கல்வராயன் மலைப் பலாப்பழத்தை ஊர் ஊராக அனுப்புகிற வெப்சைட்டை என் பேத்திதான் நடத்துகிறாள். பழம் தருவது தைலம்மாளும் அவள் சங்கத்துப் பெண்களும். சென்னையில் ஒருத்தர் பழம் கேட்டால் வெள்ளிமலையில் தைலம்மாள் போனில் தெரியும். தெரிந்த பிறகுதான் மரத்தில் அரிவாள் படும். வெப்சைட் வரும்வரை வியாபாரியிடம் மரத்தோடு குத்தகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்கள். "என் பேத்தியை நம்பு" என்று சொல்லி இழுத்து வந்தவள் நான். இதை எழுதும்போதே நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது.

"ஆயா, ஹோஸ்டிங் மாத்தணும்" என்றாள். வெப்சைட்டுக்கு இடம் கொடுத்திருக்கிற கம்பெனி இந்த ஆடியோடு மூடுகிறதாம். "பழம் கொஞ்சம் கம்மியாவட்டும். ஆடி கடைசில மொத்தமா மாத்திக்கறேன்."

"ஆடியில யாராச்சும் வூடு மாத்துவாங்களாடி?"

"இது வூடு இல்ல ஆயா."

"குடி போறதுன்னா குடி போறதுதான். ஆனிக்குள்ள முடி."

சிரித்தாள். ஆனால் என் பேச்சைத் தட்டமாட்டாள்.

ஆனி 32, புதன்

நல்ல நேரத்தில் மாற்றியாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டினேன். "புகை உள்ள போவுது, தள்ளிப் போ ஆயா!" என்று கத்தினாள்.

முழுதாக மாறவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பக்கங்கள் மட்டும் புதுக் கம்பெனிக்குப் போயிருக்கின்றன. யார் கேட்டது, எந்த ஊருக்கு, யார் மரத்துப் பழம் என்கிற விவரமெல்லாம் அடங்கிய டேட்டாபேஸ் பழைய கம்பெனியிலேயே இருக்கிறது. அதை நிதானமாகச் சரிபார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம், நாள் போதவில்லை. அதுவரை இங்கிருந்தே கைநீட்டி அங்கிருப்பதை எடுத்துக்கொள்ளுமாம். புது வீட்டில் குடியிருந்துகொண்டு அரிசிக்கு மட்டும் பழைய வீட்டுக்கு நடக்கிற மாதிரி.

மீதியை ஆடிப்பெருக்கு அன்று எடுத்துக்கொள் என்றேன். ஆடியில் அது ஒன்றுதான் நல்ல நாள்.

ஆடி 1, வியாழன்

எல்லாம் ஓடுகிறது. எதிர்வீட்டு ஓரகத்தி பச்சையம்மாளிடம் சொன்னேன். நான் குறித்துக் கொடுத்த நேரம் தப்பாது.

ஆடி 3, சனி

தைலம்மாள் போன்.

"இன்னாக்கா, நேத்துலேர்ந்து ஒண்ணும் வரல? பழம் துண்றவங்கல்லாம் ஊரக் காலி பண்ணிட்டாங்களா?"

சந்தியா வெப்சைட்டைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி, இங்கிலீஷில். அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவள், எழுத்துக் கூட்டுவேன். அர்த்தம் தெரியாது. கேட்டேன். "டேட்டாபேசோட பேச முடியலன்னு சொல்லுது ஆயா."

சற்று நேரத்தில் தானாக வந்தது. சாயங்காலம் மறுபடி போய்விட்டது.

பழுத்த பலா காத்திருக்குமா? வெடித்து விழுந்தால் ஈக்கும் குரங்குக்கும்தான்.

ஆடி 5, திங்கள்

இன்று முழுக்க போன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள், நானும் கேட்டேன்.

பழைய கம்பெனி வாசலில் காவல் இருக்கிறது. எந்த முகவரியிலிருந்து வந்தால் உள்ளே விடலாம் என்று முன்னமே சொல்லி வைக்க வேண்டும். சந்தியா சொல்லி வைத்திருக்கிறாள். பாஸ்வேர்டும் சரி. ஆனாலும் ஒரு நேரம் விடுகிறது, ஒரு நேரம் துரத்துகிறது. ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் கண்டுபிடித்தாள். புதுக் கம்பெனிக்கு வெளியே போகிற வழி ஒன்று இல்லை, பல. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகவரியோடு போய் நிற்கிறது. காவல்காரனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்த முகவரி எல்லாத்தையும் சொல்லுங்க, நான் அங்க சேத்துடறேன்" என்று புதுக் கம்பெனியில் கேட்டாள். "அது மாறிக்கிட்டே இருக்கும் மேடம், கியாரண்டி தர முடியாது." பழைய கம்பெனியில், யார் வந்தாலும் விடும்படி திறந்து வைக்க முடியுமா என்று கேட்டாள். "கண்டவன் பூந்துடுவான் மேடம்."

கடைசியில் இரண்டு பேரும் ஒரே பாட்டு. "எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு மேடம்."

அப்போ என் பேத்தி சைடுதான் கோணலா?

ஆடி 6, செவ்வாய்

காலையில் இரண்டு இட்லி. மதியம் தட்டை அப்படியே வைத்துவிட்டாள்.

ஆடி 8, வியாழன், அமாவாசை

படையல் போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். பச்சையம்மாள் எதிரே நின்று கேட்கிறாள்.

"இன்னாக்கா, உன் பேத்தி கடையச் சாத்திட்டாளாமே? என் மருமவ தொறந்தா சுத்திக்கினே கீதாம்."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குது. இது கொஞ்சம் பறந்தா இன்னா?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சந்தியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒரே வழிதான் ஆயா. டேட்டாபேசயும் புது எடத்துக்கே கொண்டாந்துட்டா வெளிய போற வேலையே இல்ல. அர நாள் போதும்."

"பெருக்கு வரைக்கும் பொறு."

"பழம் பொறுக்காது ஆயா."

"நான் சொல்றேன்ல."

எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இவள் அம்மா, என் ஒரே மகள், ஒரு ஆடியில்தான் இந்த ஊரைவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் குடி போனாள். மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. வேண்டாம் என்றேன். "காலம் மாறிடுச்சிம்மா" என்றாள். ஆவணி முடியவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள். சந்தியா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் அந்தக் காய்ச்சலுக்கு ஒரு பேர் சொன்னார். நான் ஆடி என்று பேர் வைத்தேன். இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆடி 10, சனி

தைலம்மாள் இன்று கேலி பேசவில்லை.

"அக்கா, மூணு பொம்பளைங்க வியாபாரியக் கூப்ட்டுட்டாங்க. சீசன் முடியற வரைக்கும் மரத்த வுட்டுட்டாங்க. நான் இன்னா சொல்லித் தடுக்கறது? நீ சொன்னன்னுதான வந்தோம்? பேத்தி பெரிய படிப்புன்ன. இங்க பலா மாட்டுக்குப் போவுது."

போனை வைத்தேன். திரும்பினால் பின்னால் சந்தியா. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

ஆடி 11, ஞாயிறு

"நீ வேணாம்னா நான் செய்யல ஆயா" என்றாள். "ஆனா சின்னாயாவுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. ஆடின்றதுக்காக நிறுத்தி வெச்சிருக்கோம்னு நீயே சொல்லிடு."

தைலம்மாளைத்தான் சின்னாயா என்பாள். நம்பரைப் போட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டாள்.

தைலம்மாள் எடுத்தாள். பின்னால் யாரோ ஒரு பெண் யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். "சொல்லுக்கா" என்றாள். மறுபடியும், "சொல்லுக்கா, லைன்ல கீறியா?"

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். வரல. எப்பிடி வரும்? அவளச் சுத்தி அத்தினி பொம்பளைங்க நின்னுக்கினு கீறாங்க. ஆடி, அதனால உங்க பழம் அழுவட்டும்னு நான் சொல்லணுமா? நான் மலைக்குப் போனால் முதலில் தண்ணீர் மொண்டு கொடுக்கிறவளிடம்?

"நாளைக்குச் சரியாயிடும் தைலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சந்தியா என்னைப் பார்த்தாள். "நாளைக்கா?"

"மாத்துடி."

"ஆயா..."

"கேக்காத. மாத்து."

ஆடி 12, திங்கள்

காலண்டர் பக்கம் போகவில்லை. சூடம் இல்லை. வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்தேன். கடலையை எறிந்துவிட்டுத் தோலை முறத்தில் போட்டிருக்கிறேன், பிறகுதான் பார்த்தேன்.

உள்ளே சந்தியா வெப்சைட்டில் 'வேலை நடக்கிறது' என்று பலகை போட்டுவிட்டு, பழைய இடத்து விவரம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, புது இடத்தில் இறக்கி, ஒன்று விடாமல் ஒத்துப் பார்த்தாளாம். பழைய கம்பெனியின் முகவரி எழுதியிருந்த இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினாளாம். "இங்கயே கீதுன்னு அர்த்தம் ஆயா. இனிமே யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம்."

சோதித்துப் பார்க்க என் பேரில் ஒரு பழம் கேட்டாள். போன் அடித்தது. தைலம்மாள்.

"நைனார்பாளையத்துல அம்சவள்ளின்னு ஒருத்தி பழம் கேக்கறா. குடுக்கலாமா, வேணாமா?"

சந்தியா சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

ஆடி 13, செவ்வாய்

சந்தியாவுக்கு உடம்பு கொதிக்குது.

மாரியாத்தா, அவ தானா செய்யல, நான்தான் மாத்துன்னு சொன்னேன். நான் வேணாம்னா செய்யலன்னுதான் அவ சொன்னா. ஏதுன்னாலும் என்னக் கேளு. அவள வுட்ரு. அவ அம்மா வயசுகூட இன்னும் ஆவல.

ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் உடம்பு விட்டுப்போயிருக்கிறது, ஊரில் சுற்றுகிற காய்ச்சல் பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னார். போர்வைக்குள்ளிருந்து இவள் போனைப் பார்த்துக்கொண்டு, "ஆயா, ஆர்டர் வந்துக்கினே கீது" என்கிறாள். வந்து தொலையட்டும்.

ஆடி 15, வியாழன்

காய்ச்சல் விட்டது. ரசம் சோறு கேட்டாள்.

ஆடி 20, செவ்வாய்

கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸுக்கு வந்த தைலம்மாள் இங்கேயும் வந்துவிட்டுப் போனாள். வியாபாரியிடம் போன மரங்கள் போனதுதான், இந்த சீசனுக்குத் திரும்பாது. அந்த மூன்று பேரில் ஒருத்தி தைலம்மாளிடம் பேசுவதே இல்லையாம். மற்றவர்கள் பழம் தினமும் இறங்குகிறது. "அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாக்கலாம்க்கா" என்றாள். முழு மனசோடு சொன்னாளா என்று தெரியவில்லை.

"ஏம்மா அதுக்கு அத்தினி நாளாச்சு?" என்று சந்தியாவைக் கேட்டாள்.

"ரெண்டு கம்பெனியும் இழுத்தடிச்சிட்டாங்க சின்னாயா" என்றாள் இவள், என் பக்கம் திரும்பாமல்.

நான் மோர் கொண்டுவர உள்ளே போனேன்.

சாயங்காலம் பச்சையம்மாள் காலண்டரும் கையுமாக வந்தாள். அவள் மகன் கவியரசனுக்குக் கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு கிடைத்திருக்கிறது. "ஆடியாச்சேக்கா, பாதிச் சாமான இப்பக் கொண்டுபோய்ப் போட்டுட்டு மீதிய ஆவணில எடுத்துக்கலாம்னு கீறோம். ஒரு நாள் பாத்துச் சொல்லு."

காலண்டரை நான் வாங்கவில்லை.

"போறதுன்னா எல்லாத்தயும் ஒரே வண்டில ஏத்து. பாதிய இங்க வெச்சிட்டுப் புள்ளய அல்லாட வுடாத."

"ஆடியிலயாக்கா?"

"மழை வர்றதுக்குள்ள ஏத்து."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே சந்தியா டைப் அடிக்கிற சத்தம் சற்று நின்று, மறுபடி தொடங்கியது.