ராகவின் சின்ன ரியாக்டர்

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து மழை. சயானில் பஸ் இல்லை. பாதி வழி நனைந்தபடியே செம்பூர் ஆபீஸ். உள்ளே போனால் ராகவ் மேஜையில் கேக். புது ரசாயன ஆலைக்கான டிசைனில், வினை நடக்கும் கலனான ரியாக்டரைச் சிறிதாக்கிச் செலவை இறக்கிவிட்டானாம். மேனேஜர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, "கண்ட்ரோல்வாலி கோ பீ புலாவ்" என்றார், கண்ட்ரோல்காரியையும் கூப்பிடச் சொல்லி. நானும் ராகவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுக்குப் பெயர் உண்டு. எனக்கு டிபார்ட்மென்ட்தான்.

கேக் தொடவில்லை. என்னைவிடத் தள்ளி, மாட்டுங்காவிலிருந்து வருகிறவன் சட்டையில் மட்டும் எப்படி ஒரு சொட்டு ஈரம் இல்லை?

வாங்க: குடை. அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூலை 8, செவ்வாய்

டிசைன் முடிந்த பிறகுதான் என் கைக்கு வரும். எந்த வால்வு எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது என் வேலை. இன்று கம்ப்யூட்டரில் ஆலையை ஓட்டினேன். ரியாக்டரில் வினையாகாத மிச்சத்தை டவரில் பிரித்து, ரியாக்டருக்கே திருப்பி அனுப்பும் ரீசைக்கிள். உள்ளே விடும் சரக்கைக் கொஞ்சம்தான் கூட்டினேன். ரீசைக்கிள் ஊதிக்கொண்டே போயிற்று. டவர் மூழ்கியது. எந்த வால்வை மாற்றியும் அடங்கவில்லை. ரியாக்டர் போதாது, அவ்வளவுதான்.

சந்தோஷம். எழுதக் கூச்சம், ஆனாலும் சந்தோஷம். யாரிடமும் சொல்லவில்லை. நாளை மறுநாள் மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும்.

அம்மா: "ஏட்டி, என்னத்துக்குத் தன்னால சிரிக்கே?"

ஜூலை 9, புதன்

வெயில். துணி காய்ந்தது.

ராகவ் வந்தான். "செல்வி, ஓட்டிப் பாத்தாச்சா? ஏதாவது பிரச்சினை உண்டோ?"

"பாத்துட்டிருக்கேன்."

டிபனிலிருந்து அடை கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. அதிலும் எரிச்சல்.

ஜூலை 10, வியாழன்

மீட்டிங். கிராஃபைக் காட்டினேன். நான் ராகவ் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது சுருங்கும் என்று. எழுந்து ஸ்கிரீன் பக்கம் வந்தான். "எனக்கு இது தோணவே இல்லை" என்று தமிழில், எனக்கு மட்டும். பிறகு எல்லோருக்கும் இங்கிலீஷில்: செல்வி சொல்வது சரி, என் டிசைன் ஓடாது.

மதியம் முழுக்க இருவரும் போர்டு முன்னால். ரியாக்டரைப் பெரிதாக்கினோம். மிச்சம் குறைந்தது, டவரைச் சிறிதாக்க முடிந்தது. ரீசைக்கிள் ஓட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்தேன். ஆலை அடங்கியது. அந்த நேரம் அவனைப் பிடிக்கவில்லை என்பதே மறந்துவிட்டது.

மேனேஜர்: இனி டிசைனும் கண்ட்ரோலும் முதல் நாளிலிருந்தே ஒரே டீம். யார் லீட்?

நான் வாயைத் திறப்பதற்குள் ராகவ், "செல்வி" என்றான்.

"டீக் ஹை" என்று உடனே ஒப்புக்கொண்டார் மேனேஜர். யோசிக்கவே இல்லை. நானே கேட்டிருந்தால் யோசித்திருப்பார்.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி மழை. என் மேஜையை ஜன்னலோரம் போட்டுவிட்டார்கள். மாத்திரை வாங்கியாயிற்று, குடை இல்லை. போனில் ஏகப்பட்ட வாழ்த்து. எல்லோருக்கும் நன்றி அனுப்பினேன். ராகவுக்கு மட்டும் இன்னும் அனுப்பவில்லை.