பூதன் விரல்கள் கோணிய செய்தியும் அந்துவன் கை காக்கும் ஆணையும்

நலம் ஓங்குக! செம்மணல் நாடு முழுதாளும் கொற்றநெடுங்கோ மன்னரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சன் நக்கன் சாத்தன், கூர்மலைக் கோட்டைத் தலைவர் எயினன் கீரனார்க்கு விடுக்கும் ஓலை. உமது மதிற்கல் பெயராதிருக்க! உமது சுனைகள் வற்றாதிருக்க! உமது வீரர் நோய்நொடியின்றி வாழ்க!

வெள்ளத்தில் வீடிழந்தோர்க்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுமாறு ஓர் ஓலை வந்ததென்றும், அதன் எழுத்து அரண்மனை எழுத்தன் பூதனுடையதாக இல்லையென்றும், ஆகவே பகைவர் சூதெனக் கொண்டு கதவடைத்துத் தூதன் அந்துவனைச் சிறையிட்டீரென்றும், பொய்யோலை புனைந்தவன் என்பதால், வரும் முழுநிலா நாளில் அவன் வலக்கை துணிக்கப்படுமென்றும் நீர் அறிவித்தது அவையில் படிக்கப்பட்டது. களவுபோன முத்திரையொன்று பகைவர் கையில் இருப்பதால் எழுத்தை மட்டுமே நம்புக என்று உமக்கு முன்பு எழுதியவன் இதே அமைச்சன். நீர் சொன்னபடி நடந்தீர், உம்மேல் குற்றமில்லை.

ஆனால் கீரனாரே, அது மெய்யோலை. அதை எழுதியவன் பூதனே.

இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்தாணி பிடித்தும் அவையில் வாய் திறந்தறியாத அவன், உமது செய்தியைக் கேட்டதும் அரியணையடியில் ஓடிவந்து விழுந்தான். விழுந்தவனால் கையூன்றி எழ முடியவில்லை. மன்னரே இறங்கிவந்து தூக்கினார். அப்போதுதான் அந்தக் கைகளை அனைவரும் கண்டோம். இரு கைகளிலும் விரற்கணுக்கள் வீங்கிப் புடைத்து, விரல்கள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தன.

இரண்டு ஆண்டுகளாக இந்த வேதனையாம். விடியலில் விரல் மடங்காது. உடையைக்கூட மனைவிதான் முடிந்துவிடுவாளாம். அவள் வெந்நீரில் கைகளை நனைத்து நனைத்து நீவிவிட, வெயில் ஏறிய பின்பே எழுத்தாணி கைக்குள் நிற்குமாம். அதனால் நாள்தோறும் தாமதமாக வந்தான். வரும்போதெல்லாம், பொழுது இப்போதுதான் விடிந்ததோ என்று இந்த அமைச்சன் நாலுபேர் முன் நையாண்டி செய்தான். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று மன்னர் கேட்டார். கை தளர்ந்த எழுத்தன் அன்றே பணியும் மனையும் விட்டு நீங்கவேண்டும் என்பது நம் நாட்டு வழக்கமல்லவா, சொல்லிவிட்டு எங்கே போவேன் என்று அவன் அழுதான். மன்னரும் தலைகவிழ்ந்தார்.

இதை மறைப்பதில் பயனில்லை: அந்த ஓலையில் எழுத்து கோணியிருந்ததை இந்த அமைச்சன் கண்டான். கள் குடித்துவிட்டு எழுதினாயா என்று எரிந்துவிழுந்தான். ஏனென்று கேட்கவில்லை. இந்த அமைச்சனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அரண்மனையே தைலமும் கையுமாக ஓடும். பூதன் விரலுக்கோ ஒரு சொல் ஆறுதலில்லை. அடச்சே, என்ன மனிதன் இவன்! அதனால் வெள்ளத்துக்குத் தப்பிவந்தவர்கள் உமது மதிலுக்கு வெளியே, கைக்குழந்தைகளோடு, ஏழுநாள் மழையில் நின்றார்கள். நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இது முடக்குவாதம் என்றார் அரண்மனை மருத்துவர். தொடக்கத்திலேயே மருந்தும் ஓய்வும் தந்திருந்தால் வீக்கம் அடங்கியிருக்கும், இனி வலி தணியுமே தவிர விரல் நிமிராது என்றும் சொன்னார். மூட்டும் தசையும் நோகும் பணியாளர் இன்னும் எத்தனை பேர் என்று மன்னர் வினவ, பல்லக்குச் சுமப்போர் முழங்காலையும் நெய்வோர் தோளையும் மெல்லத் தொட்டுக் காட்டினார்கள். அந்தப் பழைய வழக்கம் அன்றே ஒழிக்கப்பட்டது. பூதன் பணியேற்கும் முன்பே ஒழிந்திருக்க வேண்டியது.

ஆகவே ஆணை: இவ்வோலை கண்ட கணமே கதவைத் திறந்து வெள்ளத்தில் வீடிழந்தோரை உள்ளே விட்டு, அந்துவனை விடுவிப்பீராக. இதுவும் சூதோ என்று நீர் ஐயுறுவது முறையே. ஆதலால் பூதனே இதைக் குதிரைவண்டியில் கொண்டுவருகிறான். நோயோடு மூன்றுநாள் வழி வேண்டாமென்று மன்னர் தடுத்தும் கேளான். ஒரு கை துணிக்கப்பட்டே ஆகவேண்டுமாயின் குற்றம் செய்த கை தன்னுடையதே, அதை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறான். அவன் சொல்வதைக் கேளாதீர். உம் கண்முன் ஒருவரி எழுதச் சொல்லி, கதவு திறக்கச் சொன்ன ஓலையோடு ஒப்பிடுவீர். விடியலில் எழுதச் சொல்லாதீர், அவசரப்படுத்தவும் வேண்டாம்.

நீர் குறித்த நாளுக்கு முன்பே தண்டனையை முடித்திருப்பீராயின், அந்தப் பழி உம்மைச் சேராது. இந்த அமைச்சன் அந்துவன் வாசலில் வந்து நிற்பான்.

காலையில் சொல்லத் தொடங்கியது இப்போதுதான் முடிகிறது. எழுத்தாணி பலமுறை நழுவிற்று, அமைச்சன் காத்திருந்தான். மன்னர் ஆணை மலைபோல் நிலைக்க, முத்திரையிட்டோம்.

இவை பூதன் எழுத்து. தலைவரே, கதவைத் திறக்கச் சொன்னதும் அடியேன் எழுத்தே. அந்துவனுக்கு எழுதவே தெரியாது.